உயிரணுப் பிரிவும் ஒரு தாயின் கேள்வியும்

சில ஆண்டுகளுக்கு முன், எமது சபையைச் சேர்ந்த இளந்தாய் ஒருவர் மருத்துவ அறிக்கை ஒன்றைக் கையில் ஏந்தி ஒரு மாலைப்பொழுதில் குருமனைக்கு வந்தார். அவருடைய ஐந்து வயது மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று அறியப்பட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அறிக்கையின் ஒரு வரியில் இருந்த 54 என்னும் எண்ணை யாரோ பேனாவால் வட்டமிட்டிருந்தனர். “ஐயா, மனிதருக்கு 46 குரோமோசோம்கள்தாம் இருக்க வேண்டுமாம். என் பிள்ளைக்கு 54 இருக்கிறதாம். இது தாய்வழியில் வந்த குறை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லுகிறார்கள். என்னாலா வந்தது?” என்று அவர் கேட்டார்.

அன்று அவருடன் ஜெபித்து அனுப்பினேன். விடை கூற இயலவில்லை. பிறவிக் குருடனைக் கண்டபோது சீடர்கள் எழுப்பிய கேள்வியைப் பற்றிப் பல ஆண்டுகள் வகுப்பில் விரிவுரை ஆற்றியவன் நான். ஆயினும் வட்டமிடப்பட்ட அந்த எண்ணைக் குறித்து ஒரு சொல்லும் அறியாதிருந்தேன். மேனிலைப் பள்ளியில் வெங்காய வேர்நுனியை நசுக்கி, சாயமிட்டு, நுண்ணோக்கியில் பார்த்ததோடு என் உயிரியல் முடிந்திருந்தது. பின்னர் குழந்தைநல மருத்துவர் ஒருவர் பொறுமையுடன் விளக்கியவற்றையும், அதன்பின் நானே படித்தறிந்தவற்றையும் இங்கு எழுதுகிறேன். நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும் ஆயர்களிடமும் மாணவர்களிடமும் இத்தகைய அறிக்கைகள் நீட்டப்படும் நாள் வரும்.

உயிரணுவிலிருந்தே உயிரணு

உயிரணு எங்கிருந்து வருகிறது? உயிரணுக் கோட்பாட்டை வகுத்தவர்களுள் ஒருவரான ஷ்வான், உப்புக் கரைசலில் படிகம் உறைவதுபோல வடிவமற்ற பாய்மத்தில் உயிரணுக்கள் உறைந்து தோன்றுவதாகவே கருதினார். 1850களில் ராபர்ட் ரெமாக்கும் ருடால்ஃப் விர்ஷோவும் இதனை மறுத்தனர். ஒவ்வோர் உயிரணுவும் முன்னிருந்த ஓர் உயிரணு பிரிந்ததனால் வந்ததே என்று அவர்கள் நிலைநாட்டினர். நோயுற்ற உயிரணுவுக்கும் இது பொருந்தும் என்பதை விர்ஷோ வலியுறுத்தினார். கட்டியும் புற்றும் புறத்திருந்து உடலுள் நுழைந்த அந்நியப் பொருள்கள் அல்ல என்பது இதனால் பெறப்பட்டது.

அப்பிரிவு எவ்வாறு நிகழ்கிறது என்பதை முதன்முதல் தெளிவாகக் கண்டு எழுதியவர் ஜெர்மனியின் கீல் நகரப் பேராசிரியர் வால்டர் ஃபிளெமிங். சாலமாண்டர் என்னும் நீர்நில வாழ்வியின் இளம்பருவத்து உயிரணுக்கள் அளவில் பெரியவை. அவற்றுக்கு அனிலின் சாயமிட்டு நோக்கியபோது, உட்கருவினுள் நூல்போன்ற பொருள்கள் தோன்றி, நீளவாட்டில் பிளந்து, இரு பக்கமாகச் செல்வதைக் கண்டார். 1882இல் வெளிவந்த அவரது நூல் இன்றும் போற்றப்படுகிறது. கிரேக்க மொழியில் ‘மிட்டோஸ்’ என்றால் நூல். அதிலிருந்தே மைட்டாசிஸ் என்னும் பெயரை அவர் ஆக்கினார். நம் பாடநூல்கள் இதனை மறைமுகப் பிரிவு என்பன.

பிற பெயர்களும் கிரேக்கமே. முதலாண்டில் முன்னிடைச் சொற்களை மனப்பாடம் செய்து சலித்த மாணவர்க்கு இது சிறிது ஆறுதல் அளிக்கலாம். 1884இல் ஸ்ட்ராஸ்பர்கர் என்னும் தாவரவியலார் பிரிவின் நிலைகளுக்குப் பெயரிட்டபோது ‘புரோ’, ‘மெட்டா’, ‘அனா’ ஆகிய முன்னொட்டுகளையே எடுத்துக்கொண்டார். மெட்டநோயாவிலும் அனஸ்டாஸிஸிலும் நாம் காணும் அதே சொற்கள் இவை. பத்தாண்டு கழித்து வந்த டீலோஃபேஸ் என்னும் பெயரில் ‘டெலோஸ்’, அதாவது முடிவு, இருக்கிறது. 1888இல் வால்டையர் இட்ட குரோமோசோம் என்னும் பெயரோ ‘குரோமா’ என்னும் நிறமும் ‘சோமா’ என்னும் உடலும் சேர்ந்தது. சாயத்தை நன்கு ஏற்றுக்கொண்டதால் அப்பெயர் வந்ததேயன்றி, இயல்பில் அதற்கு நிறம் இல்லை.

பிரிவுக்கு முன்

ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் மனித உயிரணு ஒன்று ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரிகிறது. அதில் நுண்ணோக்கியில் பிரிவாகக் காணப்படுவது ஏறத்தாழ ஒரு மணி நேரமே. எஞ்சிய காலத்தை முற்காலத்தார் ஓய்வு நிலை என்றழைத்தனர். அது பொருந்தாப் பெயர். அக்காலத்தில்தான் உயிரணு வளர்கிறது, தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்து இரட்டிக்கிறது.

ஓர் உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளும். அதனை அடக்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. இவ்விழைகளில் உள்ள எழுத்துகள் 600 கோடிக்கும் மேற்பட்டவை. இவற்றைச் சில மணி நேரத்தில் படியெடுக்கும்போது, திருத்தங்கள் யாவும் முடிந்தபின் எஞ்சும் பிழை நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்னும் அளவில் உள்ளது. கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் ஆராய்ந்தோர் இவ்வெண்ணை நம்ப மறுப்பர்.

இரட்டித்த பின்பும் இரு பிரதிகள் பிரிந்துபோவதில்லை. கோஹெசின் என்னும் புரதம் வளையம்போல் அவற்றைச் சூழ்ந்து பிணைத்து வைக்கிறது. இப்பிணைப்பு பின்னர் நிகழ்வனவற்றுக்கெல்லாம் அடிப்படையாதலால் இதனை நினைவில் இருத்தவேண்டும். எது எதனுடைய பிரதி என்பதை உயிரணு ‘அறிவது’ பிணைப்பினால்தான்.

நான்கு நிலைகள்

புரோஃபேஸ் எனப்படும் முதல் நிலையில் நீண்ட இழைகள் சுருண்டு தடிக்கின்றன. சிக்கலாகக் கிடக்கும் நூலை இடம் பெயர்த்தால் அறுந்துவிடும். சிட்டமாகச் சுற்றிய பின்னரே அதனை எடுத்துச் செல்லலாம். அவ்வாறே 46 குரோமோசோம்களும், ஒவ்வொன்றும் பிணைந்த இரு பிரதிகளாக, குறுகிய கோல்களாகின்றன. அதே வேளையில் உயிரணுவின் இரு முனைகளிலிருந்தும் நுண்ணிய குழலிழைகள் வளரத் தொடங்குகின்றன. டியூபுலின் என்னும் புரதத் துணுக்குகள் செங்கல்போல் அடுக்கப்பட்டு ஆனவை அவை. இவ்விழைகள் சேர்ந்து நடுவே பருத்து இரு முனையிலும் கூர்ந்த வடிவம் பெறுவதால், நூல் நூற்கும் கதிரின் பெயரால் கதிர்க்கோல் எனப்படுகின்றன. பின்பு உட்கருவின் உறை சிதைகிறது. குழலிழைகள் குரோமோசோம்களை எட்ட வழி திறக்கிறது.

அடுத்து மெட்டாஃபேஸ். ஒவ்வொரு குரோமோசோமின் இடுப்பிலும் குழலிழை வந்து பற்றுவதற்குரிய பிடி ஒன்று ஒவ்வொரு பிரதியிலும் உண்டு. ஆக 46 குரோமோசோம்களுக்கு 92 பிடிகள். ஒரு பிரதியை ஒரு முனையிலிருந்து வரும் இழையும், மற்றதை எதிர்முனையிலிருந்து வரும் இழையும் பற்றவேண்டும். குழலிழைகள் நீள்வதும் குறுகுவதுமாக இருட்டில் கை துழாவுவதுபோல் தேடுகின்றன. பற்றியபின் இருபுறமும் இழுக்க, பிணைப்பு விடாது தாங்க, குரோமோசோம் நடுக்கோட்டில் வந்து நிற்கிறது. ஒரே பக்கத்து இழைகள் இரு பிடிகளையும் தவறிப் பற்றினால் எதிரிழுவை இராது. இழுவையில்லாத பற்று நிலைக்காமல் அவிழ்க்கப்பட்டு, மீண்டும் தேடல் நடைபெறுகிறது.

அனாஃபேஸில் பிணைப்பு அறுக்கப்படுகிறது. செப்பரேஸ் என்னும் நொதி கோஹெசின் வளையங்களை வெட்ட, 46 இணைகளும் ஏறக்குறைய ஒரே கணத்தில் விடுபட்டு, நிமிடத்துக்கு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் வேகத்தில் எதிரெதிர் முனைகளுக்குச் செல்லத் தொடங்குகின்றன. இந்நிலை சில நிமிடங்களே நீடிக்கும். டீலோஃபேஸில் இரு தொகுதிகளையும் சுற்றி உறை மீண்டும் அமைகிறது, சுருள்கள் தளர்கின்றன. பின்னர் விலங்கின் உயிரணு நடுவே இடுங்கி இரண்டாகிறது. சுவருள்ள தாவர உயிரணுவிலோ நடுவில் புதிய தடுப்பு எழுகிறது.

காத்திருக்கும் உயிரணு

இந்நான்கு நிலைகளையும் பாடநூல்கள் சமமான நான்கு படங்களாக வரைந்து காட்டுகின்றன. அதனால் அவற்றின் நடுவில் உள்ள முக்கியமான செய்தி மறைந்துபோகிறது என்பது என் எண்ணம். மெட்டாஃபேஸுக்கும் அனாஃபேஸுக்கும் இடையே உயிரணு நின்று காத்திருக்கிறது. 92 பிடிகளில் ஒன்றேனும் பற்றப்படாதிருந்தால், மற்ற 91 ஆயத்தமாயிருந்தும் பிரிவு தொடங்குவதில்லை.

இதனைக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. 1995இல் அமெரிக்க ஆய்வாளர் கான்லி ரீடரும் அவருடைய குழுவினரும் சிறு கங்காரு இனமொன்றின் சிறுநீரக உயிரணுக்களை எடுத்துக்கொண்டனர். அவற்றில் குரோமோசோம்கள் சிலவே ஆதலால் பார்ப்பதற்கு எளிது. எல்லாக் குரோமோசோம்களும் பற்றப்பட்டு ஒன்றுமட்டும் எஞ்சியிருக்கையில், பற்றப்படாத அந்தக் கடைசிப் பிடியை லேசர் கதிரால் அழித்தனர். உடனே உயிரணு தன் காத்திருப்பை விட்டது. அந்தக் குரோமோசோம் சரியாகப் பற்றப்படாத நிலையிலேயே அனாஃபேஸுக்குள் சென்றது. எனவே உயிரணு ‘எல்லாம் சரி’ என்னும் செய்திக்காகக் காத்திருக்கவில்லை. ‘நான் இன்னும் பற்றப்படவில்லை’ என்று தனித்த பிடியொன்று ஓயாது விடுக்கும் தடைச் செய்தியே அதனை நிறுத்தி வைக்கிறது. அச்செய்தியைச் சுமக்கும் புரதங்களின் மரபணுக்கள் 1991இல் ஈஸ்டில் கண்டறியப்பட்டிருந்தன. நம் உடலிலும் அவற்றின் உறவினங்களே இப்பணியைச் செய்கின்றன.

இத்தகைய காவல் இருந்தும் தவறு நேர்வதுண்டு. தடைச் செய்தி வலுவிழக்கலாம். உரிய காலத்துக்கு முன் பிணைப்பு அவிழலாம். அப்போது ஒரு மகளணு ஒன்று மிகுதியாகவும் மற்றது ஒன்று குறைவாகவும் பெறும். பெரும்பாலும் அவ்வணுக்கள் நலிந்து அழிகின்றன. கடல் முள்ளெலியின் முட்டைகளில் இரு விந்தணுக்களைப் புகச்செய்து, தாறுமாறாகப் பங்கிடப்பட்ட குரோமோசோம்களின் விளைவை ஆராய்ந்த தியோடர் பொவேரி, 1902இல் அதனைக் கண்டார். ஆனால் சில வேளை, கூடிய எண்ணிக்கையே ஓர் உயிரணுவுக்குக் கட்டுக்கடங்காது பெருகும் ஆற்றலைத் தரக்கூடும் என்றும் அவர் ஊகித்து 1914இல் எழுதினார். மனிதக் குரோமோசோம்கள் எத்தனை என்பதே சரியாக அறியப்படாதிருந்த காலம் அது.

54 எவ்வாறு வந்தது

இனி அந்தத் தாயின் கேள்வி. குழந்தைகளுக்கு வரும் கடுமையான நிணநீரணு இரத்தப் புற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரிடம், நோயுற்ற அணுக்களில் 50க்கு மேற்பட்ட குரோமோசோம்கள் காணப்படுகின்றன. பெரும்பாலும் எக்ஸ், 4, 6, 10, 14, 17, 18, 21 ஆகியவையே கூடுகின்றன. ஒரே தவறான பிரிவில் இவை யாவும் ஒருங்கே கூடியிருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அத்தவறு பல வேளைகளில் குழந்தை கருவில் இருக்கும்போதே, வளர்ந்துவரும் இரத்த அணு ஒன்றில் நேர்கிறது.

கருவில் நேர்ந்தது என்றவுடன் தாயின்மேல் பழி ஏறுவது நம்மிடையே வழக்கம். ஆகவே இங்குத் தெளிவு வேண்டும். பெற்றோரிடமிருந்து வருவன முட்டையும் விந்தும். அவை உருவாவது குன்றல் பிரிவு என்னும் வேறொரு முறையில். அங்குத் தவறு நேர்ந்தால் பிள்ளையின் எல்லா உயிரணுக்களிலும் அதன் அடையாளம் இருக்கும். இச்சிறுவனின் தோலிலும் ஈரலிலும் நரம்பிலும் 46தான். 54 இருந்தது எலும்பு மஜ்ஜையில் ஓர் அணுவின் வழித்தோன்றல்களில் மட்டும். தாய் தந்த முட்டையில் 23 இருந்தன. தந்தை தந்த விந்தில் 23 இருந்தன. இருவரும் தந்ததில் குறையில்லை.

மற்றொன்றும் மருத்துவர் சொன்னார். 50க்கு மேற்பட்ட இவ்வெண்ணிக்கை உடைய குழந்தைகள் சிகிச்சைக்கு நன்கு இணங்குவோர். வட்டமிடப்பட்ட அந்த எண், அறிக்கையிலிருந்த நல்ல செய்திகளுள் ஒன்று.

இவற்றை அவ்வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லச் சென்றேன். சொற்களால் விளங்காததால், அங்கே பின்னல் வேலைக்கு வைத்திருந்த கம்பளி நூலைத் துண்டுகளாக்கி, இரண்டிரண்டாக முடிந்து, இருபுறமும் இழுத்துக் காட்டினேன். பாட்டியார் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, “அப்படியானால் என் மருமகள் ஒன்றும் செய்யவில்லையா, ஐயா?” என்று கேட்டார். “ஒன்றும் செய்யவில்லை அம்மா” என்றேன். அவர் வேறொன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

கல்லறைத் தோட்டத்துச் செடி

சிறுவனுக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். நம் கல்லறைத் தோட்டங்களில் யாரும் நீர் ஊற்றாமலே இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது அது. சுடுகாட்டு மல்லி என்றும் இதனை அழைப்பர். செடியின் தாயகம் மடகாஸ்கர்; இன்று நம் தென் மாவட்டங்களிலும் மருந்துக்காகவே பயிரிடப்படுகிறது. கனடாவின் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோர் 1950களில், ஜமைக்காவிலிருந்து வந்த இதன் இலை நீரிழிவைத் தணிக்குமா என்று ஆராயத் தொடங்கினர். நீரிழிவு தணியவில்லை, எலிகளின் வெள்ளையணுக்கள் குறைந்தன. அந்த ஏமாற்றத்திலிருந்து வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதன் உறவான வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இம்மருந்து டியூபுலினைப் பற்றிக்கொண்டு குழலிழை அமையாதபடி தடுக்கிறது. கதிர்க்கோல் இல்லையேல் குரோமோசோம்களைப் பற்ற ஆளில்லை. தடைச் செய்தி ஓய்வதில்லை. உயிரணு மெட்டாஃபேஸிலேயே மணிக்கணக்காக நின்று, பெரும்பாலும் மடிகிறது. முன்னர்ச் சொன்ன அந்தக் காவலையே மருத்துவர் ஆயுதமாக்கிக்கொள்கின்றனர்.

செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கால்சிசினும் இவ்வாறே செயற்படுகிறது. தமிழ்நாட்டின் அரசு மலராகிய இதனை மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதி உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு விதையை ஏற்றுமதிக்கு விற்கின்றனர். மனிதக் குரோமோசோம்கள் 48 என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் நம்பியிருந்தது. 1955ஆம் ஆண்டின் இறுதியில் சுவீடனின் லுண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோ கால்சிசினால் உயிரணுக்களை மெட்டாஃபேஸில் நிறுத்தி எண்ணிப் பார்த்தபோதுதான் 46 என்பது தெளிவாயிற்று. கிழங்கு கொடிய நஞ்சு. தின்று பிழைத்தவர்க்கும் இரண்டொரு வாரத்தில் தலைமுடி கொட்டிவிடும்.

முடியைப் பற்றித் தாயும் கேட்டார். இரத்தத்துக்குத் தரும் மருந்தினால் தலை ஏன் மொட்டையாகிறது? மருந்துக்கு நோயணு இது, நல்லணு இது என்று பிரித்தறியத் தெரியாது. அது பிரிந்துகொண்டிருக்கும் அணுவைத் தாக்குகிறது. மயிர்க்கால்களில் உள்ள அணுக்கள் ஓயாது பிரிபவை. குடலின் உட்படலமும் மஜ்ஜையும் அத்தகையனவே. வாய்ப்புண்ணும் காய்ச்சலும் பல மருந்துகளோடு வருவது அதனால்தான். கால் மரத்துச் சிறுவன் தடுமாறி நடந்ததற்குக் காரணம் வேறு. நரம்பணுக்கள் பிரிவதில்லை, எனினும் அவற்றின் நீண்ட இழைகளினுள் பொருள்கள் சென்றுவருவது இதே குழலிழைகளின் வழியாகத்தான்.

உறவினர் ஒருவர் நித்தியகல்யாணி இலையை வேகவைத்துக் குடிக்கக் கொடுக்கலாமே என்றார். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பர்; இலையிலோ வேறு எத்தனையோ நச்சுப் பொருள்கள் உள்ளன. நரம்புவழி அளந்து செலுத்தப்படும் மருந்துக்குக் கஷாயம் ஈடாகாது. இதனை மறுத்துரைக்க ஆயர்கள் தயங்கலாகாது.

ஒரு மாதம் கழித்து மஜ்ஜை மீண்டும் எடுத்து ஆராயப்பட்டது. இம்முறை அறிக்கையில் 46 என்று இருந்தது. அப்படியானால் மருந்தை நிறுத்திவிடலாமே என்று வீட்டில் பேச்சு எழுந்தது. பேருந்துச் செலவும் நாட்கூலி இழப்பும் அவர்களுக்குச் சிறியன அல்ல. செல்வ நாடுகளில் இந்நோயுற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். நம் நாட்டில் அவ்வளவுக்கு எட்டாததற்குச் சிகிச்சையை இடையில் விடுவதும் ஒரு காரணம். அறிக்கையில் எண்ணப்படுவன சில அணுக்களே. எண்ணப்படாது பதுங்கியிருக்கும் ஒன்று பிரிந்தாலும் போதும். ஆகவே சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. சபையின் பெண்கள் ஐக்கியத்தார் பேருந்துச் செலவை ஏற்றுக்கொண்டனர். தாயும் மகனும் கடைசி ஊசிவரை சென்றுவந்தனர். முன்பு நேராக இருந்த அவன் முடி இரண்டாம் ஆண்டில் சுருட்டையாக வளர்ந்தது.